பத்து நாள் மிஷன் ட்ரிப்: முதல்முறை போகிறவர்கள் செய்யும் தவறுகள்

மார்த்தாண்டம், நெய்யூர், தக்கலை வட்டாரத்துச் சபைகளிலிருந்து நேபாளத்துக்கும் கென்யா, உகாண்டாவுக்கும் வாலிபர்கள் குறுகியகால ஊழியத்துக்குப் போவது இப்போது புதிதல்ல. குழு மாறினாலும் தவறு மாறுவதில்லை. பாஸ்போர்ட் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும், பெட்டி எடை கூடக் கூடாது என்பதை எல்லாம் டிராவல்ஸ்காரரே சொல்லிவிடுவார். அவர் சொல்லாததைப் பார்ப்போம்.

ஆதாரை நம்பி நேபாளம் புறப்படுவது

விசா வேண்டாம் என்பது உண்மை. அதற்காக ஆதார் போதும் என்று ஏர்போர்ட்டுக்குப் போய் நிற்கக் கூடாது. வாலிபர்கள் விமானத்தில் போக பாஸ்போர்ட் வேண்டும், இல்லாவிட்டால் தேர்தல் ஆணைய வாக்காளர் அட்டை வேண்டும்.

சட்டம் தெரியாமல் கைப்பிரதி கொடுப்பது

நேபாளத்தில் ஒருவரை மதம் மாற்றுவது குற்றம். 2015 அரசியலமைப்பிலேயே தடை இருக்கிறது. 2018-இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தின் 158-ஆம் பிரிவு ஐந்து ஆண்டு வரை சிறையும் 50,000 நேபாள ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்ததும் நாடு கடத்துவார்கள். ஞானஸ்நானப் படத்தை முகம் தெரிய ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டு நீங்கள் ஊருக்கு வந்துவிடுவீர்கள். போலீஸ் அங்குள்ள போதகரின் வீட்டுக் கதவைத்தான் தட்டும். எந்தப் படத்தை வெளியிடலாம் என்பதை அவரே முடிவு செய்யட்டும், அதுவும் நீங்கள் ஊர் திரும்பிய பிறகு.

பத்து நாள் மாத்திரை

எத்தனை முறை சொன்னாலும் திருந்தாத தவறு இதுதான். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நர்ஸ் இல்லாத தெரு அபூர்வம். அதனால் எந்தக் குழுவும் மருத்துவ முகாம் இல்லாமல் கிளம்புவதில்லை. தெரிந்த டாக்டர்களிடம் சாம்பிள் மாத்திரை வாங்கிச் சேர்க்கிறார்கள். பெட்டியில் பிரஷர் மாத்திரை ஐந்து கம்பெனியில் ஐந்து நிறத்தில் கிடக்கும், பாதிக்கு எக்ஸ்பைரி மூன்று மாதம்கூட இருக்காது. மருந்து தானத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி எளிமையானது: போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் மிச்சமிருக்க வேண்டும், நோயாளிக்குக் கொடுத்துத் திரும்பி வந்த மருந்தும் சாம்பிளும் சேரக் கூடாது.

நேபாளத்தில் முகாம் நடப்பதைப் பாருங்கள். மலையேறி வந்த பாட்டியை மூச்சு வாங்கும்போதே உட்காரவைத்து பிரஷர் பார்க்கிறார்கள். 160/100. உடனே அம்லோடிபின் ஐந்து மில்லிகிராம், ஒரு ஸ்டிரிப், பத்து மாத்திரை. ஐந்து நிமிடம் உட்காரவைத்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துப் பார்த்திருந்தால் எண் குறைந்திருக்கலாம். ஒரே நாள் கணக்கை வைத்து ரத்த அழுத்த நோய் என்று முடிவு செய்வதும் முறையல்ல, இரண்டு வெவ்வேறு நாட்களில் 140/90-ஓ அதற்கு மேலோ இருக்க வேண்டும்.

பதினோராம் நாள் மாத்திரை தீர்ந்துவிடும். குழு அதற்குள் நாகர்கோவிலில் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கும். பாட்டி நோய் தீர்ந்தது என்று நினைத்து விட்டுவிடுவார். அல்லது கால் வீங்கும், அது அம்லோடிபினின் பக்கவிளைவு என்று சொல்ல அங்கே ஆள் இருக்காது. அட்டெனலால் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரை கொடுத்திருந்தால் இன்னும் மோசம், அதைச் சட்டென நிறுத்தினால் நெஞ்சுவலி வரை போகலாம். சர்க்கரைக்கு கிளிமிபிரைடு கொடுத்தால், காலையில் வெறும் வயிற்றோடு வயலுக்குப் போகிறவர் சர்க்கரை இறங்கி வரப்பிலேயே மயங்கி விழலாம்.

உடம்புக்கு வருவதைவிட நீண்ட நாள் நிற்கும் சேதம் வேறு. அந்த ஊர் ஹெல்த் போஸ்ட்டில், அதாவது அரசுச் சுகாதார நிலையத்தில், அரசு இலவசமாகத் தரும் மருந்து இருக்கும். ஆண்டு முழுக்க அங்கே உட்கார்ந்திருக்கும் ஊழியர், “இதுவும் அதே மருந்துதான், நிறம் வேறு” என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். இந்தியாவிலிருந்து வந்த வெள்ளை மாத்திரைதான் வேண்டும் என்பார்கள். நீங்கள் நடத்திய இரண்டு மணி நேர முகாமுக்காக அவர் பல வருடம் பேச்சு வாங்குவார்.

1922-இல் எவரெஸ்ட் ஏறப் போன டாக்டர் சாமர்வெல், அது முடிந்து நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியைப் பார்க்க வந்தவர், கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து இருபது ஆண்டுக்கும் மேல் இங்கேயே வேலை செய்தார். அந்த ஆஸ்பத்திரியின் கதை தெரிந்த ஊர்க்காரர்களே பத்து நாள் மாத்திரையோடு போவதுதான் எரிச்சல்.

முகாம் நடத்தியே ஆக வேண்டும் என்றால்:

மூன்று மாதம் முன்பே உள்ளூர் ஹெல்த் போஸ்ட்டுக்குத் தகவல் அனுப்பி, அவர்கள் தரும் மருந்துப் பட்டியலை வாங்குங்கள். டாக்டருக்கு நேபாள மெடிக்கல் கவுன்சிலிலும் நர்ஸுக்கு நர்ஸிங் கவுன்சிலிலும் தற்காலிகப் பதிவு வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். மருந்தை இங்கிருந்து சுமக்காமல், பட்டியலில் உள்ளதையே காத்மாண்டுவில் வாங்குங்கள். பெட்டியில் அள்ளிப் போனால் சுங்கத்திலும் மருந்து நிர்வாகத் துறையிலும் பதில் சொல்ல வேண்டிவரும். பிரஷர், சர்க்கரை நோயாளிக்கு நீங்கள் மருந்து தொடங்க வேண்டாம். பெயர், வயது, இரண்டு நாள் அளவு, தேதி எழுதி ஒரு தாள் அவர் கையில், ஒரு நகல் ஹெல்த் போஸ்ட்டில்.

ஒரே முறையில் முடியும் வேலையை எடுங்கள். உள்ளூர் ஊழியர் இந்த வருடம் கொடுக்கவில்லை என்றால் இரண்டு வயது தாண்டியவர்களுக்குப் பூச்சி மாத்திரை, அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், குழந்தைகளுக்கு மென்று சாப்பிடும் மாத்திரை. வெள்ளெழுத்துக்கான ரெடிமேட் கண்ணாடி இன்னும் நல்லது: +1.5, +2, +2.5 மூன்றையும் போதிய அளவு கொண்டு போய், ஊசியில் நூல் கோர்க்கச் சொல்லிப் பார்த்துக் கொடுங்கள். யாரும் அடுத்த ஸ்டிரிப் கேட்டு வரப் போவதில்லை.

தனியாகப் பணம் கொடுப்பது

கூடாது. பிள்ளையைப் படிக்க வைக்கிறேன் என்று வாக்குக் கொடுப்பதும் கூடாது.

மொழிபெயர்ப்பாளரை மறந்து பிரசங்கிப்பது

இருபது நிமிடப் பிரசங்கம் அங்கே நாற்பது ஆகும். சங்கீதத்தையும் பழமொழியையும் ஒரே மூச்சில் சொன்னால் மொழிபெயர்ப்பவர் பாதியை விழுங்கிவிடுவார். முந்தின நாளே வசன எண்களை எழுதிக் கொடுங்கள்.

ஆப்பிரிக்கா போகிறவர்கள் ஊசியில் செய்வது

காமாலைக்கு ஹெபடைடிஸ் ஊசி போட்டிருக்கிறேன், மஞ்சள் காய்ச்சலுக்கு அது போதாதா என்று கேட்பவர்கள் எல்லாக் குழுவிலும் உண்டு. போதாது, இரண்டும் வேறு நோய். மஞ்சள் காய்ச்சல் ஊசியை அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் மட்டுமே போடுவார்கள், சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அதில் ஒன்று. சான்றிதழ், ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லும், அதன் பிறகு வாழ்நாள் முழுக்க. அந்தச் சான்றிதழ் இல்லாமல் கென்யா, உகாண்டாவிலிருந்து திரும்பினால் இந்தியாவில் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் அறுபது தாண்டியவர்களும் முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

மலேரியா மாத்திரையை ஊர் வந்ததும் குப்பையில் போடுவது

டாக்சிசைக்ளின் என்றால் திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம் தினமும் சாப்பிட வேண்டும், அட்டோவாகுவோன்–புரோகுவானில் என்றால் ஏழு நாள். டாக்சிசைக்ளினை நிறைய தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருங்கள், இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகலாம். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவருக்கும் காய்ச்சல் வரலாம். வந்து இரண்டு மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் அடித்தால், டாக்டரிடம் முதலில் எந்த நாட்டுக்குப் போய் வந்தீர்கள் என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டெங்கு டெஸ்ட் மட்டும் எடுத்து அனுப்பிவிடுவார்.