மடிக்கணினியின் வேலையை டேப்லெட்டிடம் ஒப்படைக்கும் முன்

டேப்லெட் ஒன்றை வாங்கிவிட்டு மடிக்கணினியை ஓரங்கட்டலாமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் சிப்பின் வேகத்திலிருந்துதான் ஒப்பிடத் தொடங்குகிறார்கள். உண்மையில் வேகம் இன்று பெரிய தடையே அல்ல; 2021-இல் வந்த ஐபேட் ப்ரோவில் அன்றைய மேக்புக் ஏரில் இருந்த அதே எம்1 சிப்தான் இருந்தது. அப்படியிருந்தும் ஒன்றில் முடிகிற வேலை மற்றொன்றில் பாதியில் நின்றுவிடுகிறது என்றால், அதற்குக் காரணம் இயங்குதளமும் அதில் ஓடும் மென்பொருளும்தான்.

ஆகவே முதலில் ஆராய வேண்டியது உங்கள் வேலையை. ஒரு வாரம் முழுவதும் மடிக்கணினியில் எதையெல்லாம் திறக்கிறீர்கள், எந்தக் கோப்பை எங்கிருந்து எடுத்து எங்கே அனுப்புகிறீர்கள், எந்தக் கருவியைச் செருகுகிறீர்கள் என்று எழுதி வாருங்கள். மாதக் கடைசியிலும் ஆண்டு முடிவிலும் மட்டும் தலைகாட்டும் வேலைகளையும் மறவாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சல், காணொளிக் கூட்டம், பி.டி.எஃப். படிப்பது, அதில் பேனாவால் குறிப்பெழுதுவது ஆகியவற்றைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். அவற்றை டேப்லெட் நன்றாகவே செய்யும், கடைசியாகச் சொன்னதை மடிக்கணினியைவிட நன்றாகவே செய்யும். மிச்சமிருப்பவைதான் முடிவைத் தீர்மானிக்கும்.

அந்த மிச்சத்தில் எக்செல் இருந்தால் நிதானியுங்கள். டேப்லெட்டிலும் எக்செல் உண்டு, கோப்பும் திறக்கும், எண்களையும் திருத்தலாம். ஆனால் ஐபேடிலும் ஆண்ட்ராய்டிலும் வி.பி.ஏ. மேக்ரோக்கள், அதாவது எக்செல் வேலைகளைத் தானாகச் செய்ய எழுதும் சிறு நிரல்கள், ஓடுவதில்லை. அலுவலகத்தில் யாரோ எப்போதோ எழுதி வைத்த மேக்ரோ ஒன்று, பொத்தானை அழுத்தியதும் அறிக்கையைத் தயாரித்துக் கொடுக்கும். டேப்லெட்டில் அதே பொத்தான் கண்ணுக்குத் தெரிந்தாலும் அழுத்தினால் ஒன்றும் நடக்காது. கூகுள் ஷீட்ஸிலும் இதே கதைதான்: ஆப்ஸ் ஸ்கிரிப்ட் என்ற கூகுளின் நிரல் வசதி மூலம் சேர்த்த தனி மெனுக்கள் அதன் மொபைல் செயலியில் வருவதில்லை. எனவே "எக்செல் இருக்கிறதா" என்று கேட்பதை விட்டு, நீங்கள் பயன்படுத்துகிற சிக்கலான கோப்பையே திறந்து, முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை செய்து பாருங்கள். இன்னொரு சின்ன விஷயம்: 10.1 அங்குலத்துக்கு மேற்பட்ட திரையில் வேர்டு, எக்செல் கோப்புகளைத் திருத்த மைக்ரோசாஃப்ட் 365 சந்தா வேண்டும். இதைப் பலர் வாங்கிய பிறகே அறிகிறார்கள்.

நிரல் எழுதுபவர்களுக்குச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம்: ஆப்பிள் செயலிகளை உருவாக்கும் எக்ஸ்கோடும், நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் டாக்கரும் ஐபேடில் கிடையாது. தொலைவில் உள்ள சர்வரில் பிரவுசர் வழியாக வேலை செய்கிறவர்கள் மட்டும் தொடர்ந்து படிக்கலாம்.

அடுத்து, ஒரே நேரத்தில் பல வேலைகள். ஐபேடில் 2022-இல் ஸ்டேஜ் மேனேஜரும், சாம்சங் டேப்லெட்டுகளில் அதற்கு முன்பே டெக்ஸும் வந்ததால் சாளரங்களை அடுக்கி வைப்பது இப்போது பெரிய குறையில்லை. குறை இருப்பது திரைக்குப் பின்னால். பெரிய காணொளி ஒன்றைப் பதிவேற்றத் தொடங்கிவிட்டு வேறு செயலிக்குப் போனால், பதிவேற்றம் தொடருமா நிற்குமா என்பது அந்தந்தச் செயலியைப் பொறுத்தது; மடிக்கணினியில் இந்தக் கேள்வியே எழுவதில்லை.

செருகும் கருவிகளில் பென் டிரைவும் மவுஸும் தொல்லை தருவதில்லை. தனி டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) நிறுவ வேண்டிய பழைய ஸ்கேனர், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் போன்றவைதான் காலை வாரிவிடும். வெளித்திரை தேவைப்படுவோர், அதில் டேப்லெட்டின் பிம்பம் மட்டும் தெரியுமா அல்லது அது தனித் திரையாகவே இயங்குமா என்பதை மாடல்வாரியாகச் சரிபார்க்க வேண்டும்.

கீபோர்டு இல்லாமல் நாள் முழுவதும் எழுத முடியாது, கீபோர்டைச் சேர்த்தாலோ எடை கூடிவிடும். முன்பு சொன்ன ஐபேட் ப்ரோவின் 12.9 அங்குல மாடல் 682 கிராம்தான். ஆப்பிளின் மேஜிக் கீபோர்டோடு சேர்ந்தால் அன்றைய மேக்புக் ஏரின் 1.29 கிலோவையே தாண்டிவிடுகிறது. சுமை குறையும் என்பதற்காகவே மாற நினைப்பவர்கள் இரண்டையும் சேர்த்து எடைபோட்டுப் பார்க்க வேண்டும். தமிழில் எழுதுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: தொடுதிரை விசைப்பலகையில் வரும் உங்கள் தட்டச்சு முறை, வெளிக் கீபோர்டைச் செருகியதும் அப்படியே வருகிறதா என்று வாங்கும் முன் நான்கு வரி அடித்துப் பாருங்கள்.

சர்ஃபேஸ் ப்ரோ போன்ற விண்டோஸ் டேப்லெட்டுகளுக்கு மேலே சொன்னவற்றில் பாதி பொருந்தாது. அவை உருவத்தில்தான் டேப்லெட், உள்ளே முழுக் கணினி. ஆனால் அவற்றிலும் ஏஆர்எம் சிப் (கைபேசிகளில் இருக்கும் வகை) உள்ள மாடலை எடுத்தால், பழைய கருவிகளுக்கு அந்தச் சிப்புக்கென்றே எழுதிய டிரைவர் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒன்றிரண்டு வேலைகள் மட்டுமே தடையாக நின்றால், பழைய மடிக்கணினியை விற்க வேண்டாம். அதை வீட்டில் இயக்கத்தில் வைத்துவிட்டு, டேப்லெட்டிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் (தொலைவிலிருந்தே கணினியின் திரையைப் பார்த்து இயக்கும் வசதி) வழியாக அந்த வேலைகளை மட்டும் செய்துகொள்ளலாம். விண்டோஸின் ஹோம் பதிப்பு மைக்ரோசாஃப்டின் ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பை ஏற்காது, ப்ரோ பதிப்பு வேண்டும்; இல்லையெனில் குரோம் ரிமோட் டெஸ்க்டாப்பைப் பயன்படுத்தலாம். மடிக்கணினி தானாக உறக்கநிலைக்குப் போகாதபடி அமைப்பை மாற்றிவிட்டே வெளியே கிளம்புங்கள்.