இஞ்சிப் பச்சடி, பஞ்சர் கடை, 'பஞ்சன்ட்': ஒரு சொல்லைப் பழகும் முறை

அக்கா மகன் வேதியியல் புத்தகத்தோடு வந்தான். "மாமா, அம்மோனியாவுக்கு பஞ்சன்ட் வாசனைன்னு போட்டிருக்கு. தமிழ்ல காரநெடிங்காவ. காரம் நாக்குக்குல்லா? மூக்குக்கு எப்படி?"

கேட்டது நியாயம்தான். அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே எழுதுகிறேன். கொஞ்சம் கடுகு, விரல்நுனி அளவு இஞ்சி, ஒரு நோட்டு இருந்தால் போதும்.

முதலில் கடுகை வாயில் போடுங்கள். ஒன்றும் தெரியாது. பல்லில் நொறுங்கி எச்சில் பட்டதும் கடுகிலேயே உள்ள நொதி வேலை செய்து காரப்பொருளை உண்டாக்கும். அது ஆவியாகி மூக்குக்கு ஏறும். அப்புறம் இஞ்சி. இது தொண்டையில் நின்று எரியும். சொதிச் சாப்பாட்டில் இஞ்சிப் பச்சடியைத் தேங்காய்ப்பாலின் சாதுவான ருசிக்குப் பக்கத்தில் வைத்தவர் யாரோ, விவரமான ஆள்.

இரண்டாவது, அந்த நேரத்தில் உங்கள் வாயில் தானாக வந்த சொல்லை நோட்டில் எழுதுங்கள். பெரும்பாலும் அது 'சுருக்' அல்லது 'சுள்' என்றுதான் இருக்கும். ஊசி குத்தினாலும் நாம் சொல்வது அதே 'சுருக்'தான்.

மூன்றாவது, வேரைத் தேடுங்கள். லத்தீனில் 'புங்கெரே' என்றால் குத்துதல். அதிலிருந்து வந்த 'பஞ்சன்ட்' 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கியது. பாளையங்கோட்டை ரோட்டோரம் 'பஞ்சர் ஒட்டப்படும்' என்று பலகை தொங்குகிறதே, அந்தப் பஞ்சரும் இதே வேர்தான். அங்கே முள் டியூபைக் குத்துகிறது, இங்கே இஞ்சி நாக்கைக் குத்துகிறது. அக்குபஞ்சர், பாயின்ட் எல்லாம் பங்காளிகள். பிரெஞ்சு வழியாக வந்த 'பாய்னன்ட்' நெஞ்சைக் குத்தும் சோகத்துக்கு ஆகிவிட்டது.

இந்தக் குத்தல் வெறும் உவமை என்று நினைத்துவிடாதீர்கள். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின், சூட்டையும் வலியையும் உணரும் நரம்புகளைத்தான் தூண்டுகிறது. நரம்பில் அதை உணரும் ஏற்பி என்ற புரதத்தை 1997-இல் அடையாளம் கண்டது அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்குழு. 2021-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. முகத்தில் பரவும் முக்கிளை நரம்பு மூக்கிலும் நாக்கிலும் கிளை விட்டிருக்கிறது. மிளகாய் நாக்கில் தூண்டுவதும் அம்மோனியா மூக்கில் தூண்டுவதும் அதைத்தான். மருமகன் கேட்டதற்குப் பதில் இதுதான்.

நான்காவது, எங்கே சொல்லலாம் என்று பழகுங்கள். பலர் சறுக்கும் இடம் இது. அறுசுவையில் வரும் கார்ப்பை 'பஞ்சன்ட்' என்றே மொழிபெயர்ப்பார்கள். அதை நம்பி விருந்தில் "சாம்பார் பஞ்சன்ட்" என்று சொல்லிவிடாதீர்கள். பேச்சு ஆங்கிலத்தில் இது பெரும்பாலும் வாசனைக்கு வரும் சொல். நெடியடிக்கிறது என்று குறை சொன்னதாகிவிடும். மிளகாய்க் காரத்துக்கு 'ஹாட்' அல்லது 'ஸ்பைசி' போதும். பெருங்காய டப்பாவைத் திறந்ததும் வருவது, கருவாடு வறுக்கும்போது தெருமுனை வரை போவது, தாளிப்பில் வற்றல் கருகி வீடே தும்முவது, இவையெல்லாம் அசல் 'பஞ்சன்ட்'. சுருக்கென்று தைக்கும் பேச்சையும் அப்படிச் சொல்லலாம்.

கடைசியாக, சொந்தமாக மூன்று வாக்கியம் எழுதிப் பாருங்கள். மருமகன் கடுகுக்கு ஒன்று, அம்மோனியாவுக்கு ஒன்று எழுதினான். மூன்றாவது, "ஆச்சியின் பேச்சு பஞ்சன்ட்." ஆச்சி பக்கத்திலிருந்து, "என்னல எழுதியிருக்க, வாசி" என்றாள். நான் பச்சடிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.