மலை ஸ்னோமொபைலுக்கு லக் உயரம்: தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலைச்சரிவுகளில் ஓட்டுவதற்காக, பனியில் ஓடும் வண்டியான ஸ்னோமொபைலுக்கு டிராக், அதாவது அதை நகர்த்தும் சுழலும் ரப்பர் பட்டை, வாங்குவோரில் பலர் முதலில் கேட்பது, லக் எத்தனை அங்குலம் என்பதைத்தான். அந்தப் பட்டையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பற்களான லக்குகள் எவ்வளவு உயரமோ அவ்வளவுக்கு வண்டி ஏறும் என்ற எண்ணமே பெரும்பாலான தவறான தேர்வுகளுக்கு வேராக இருக்கிறது. இறுக்கிச் சமன்செய்த பாதைகளுக்கு 1 முதல் 1.25 அங்குலம் போதும். மலை வண்டிகளில் 2.5 முதல் 3 அங்குலம் வரை பரவலாகக் காணலாம். 2.5க்கும் 3க்கும் இடையே 13 மில்லிமீட்டர்தான் வேறுபாடு என்றாலும், அதனால் இன்ஜின்மேல் ஏறும் சுமை அற்பமானதன்று.

உயரமான லக், தூள்போல் கிடக்கும் ஆழ்ந்த பனியை ஒவ்வொரு சுற்றிலும் நிறைய வாரிப் பின்னே தள்ளும். அதற்கேற்ப ஆற்றலையும் விழுங்கும். டர்போ இல்லாத இன்ஜினோ, 300 மீட்டர் ஏறும்போதெல்லாம் தன் திறனில் ஏறத்தாழ 3 விழுக்காட்டை இழந்துகொண்டே போகும். கடல்மட்டத்தில் 165 குதிரைத்திறன் தரும் இன்ஜினிடம் 3,000 மீட்டர் உயரத்தில் எஞ்சுவது சுமார் 115 மட்டுமே என்பதால், சிறிய இன்ஜினில் 3 அங்குல டிராக்கை மாட்டினால் அதைப் போதிய வேகத்தில் சுழற்றவே திணறும். அத்தகைய வண்டிக்கு 2.5 அங்குலமே பொருத்தம் என்பது என் கருத்து.

டிராக்கின் நீளத்தைக் கணக்கில் எடுக்காமல் லக்கை மட்டும் உயர்த்துவது இன்னொரு தவறு. வண்டியைப் பனியின்மேல் மிதக்கவைப்பது நீளமும் அகலமும். லக்கின் வேலை பிடித்துத் தள்ளுவது. 146 அங்குல டிராக்கில் 3 அங்குல லக்கை வைத்துச் செங்குத்தான சரிவில் திராட்டிலை முழுதாக அழுத்தினால், பின்பகுதி தனக்குத் தானே குழி தோண்டிக்கொண்டு அமிழ, மூக்கு மேலே எழும்பிவிடக்கூடும். அதே லக் 165 அங்குல டிராக்கில் எடையைப் பரப்பிக்கொண்டு மேலேறும்.

பருவத்தையும் மறந்துவிடுகிறார்கள். பகலில் உருகி இரவில் உறையும் வசந்தகாலப் பனியில் லக்கின் நுனி மட்டுமே தரையைத் தொடுவதால், உயரமான மென்மையான லக் மடங்கி நெளியும். திருப்பங்களில் வண்டி அலையும். இறுகிய தரையில் பனித்தூள் எழாததால், டிராக்கின் உட்புறம் சறுக்கிச் செல்லத் தாங்கும் தண்டவாளத்தின் அடியிலுள்ள பிளாஸ்டிக் பட்டை சூடேறித் தேயும், பனித்தூளால் குளிரும் இன்ஜின் குளிரூட்டியும் சூடாகும். பனியைக் கீறி எழுப்பும் ஸ்கிராச்சர்கள் அங்கே உதவும். அடிவாரத்திலிருந்து நெடுந்தூரம் இறுகிய பாதையில் சென்றே மலையைத் தொடுபவர், மலையை மட்டுமன்றி அந்தத் தூரத்தையும் சேர்த்துத்தான் லக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பழைய வண்டியில் உயர்ந்த லக்கை மாட்டுவோர் இடைவெளியை அளக்காமல் வாங்கிவிடுவதுண்டு. டிராக்கை மேலிருந்து மூடியிருக்கும் டனலின் முன்புறத்திலும் குளிரூட்டியிலும் லக் உரசினால் சில மணி நேரத்திலேயே ரப்பர் கிழியத் தொடங்கலாம். உரசலைத் தவிர்க்க டிராக்கைச் சுழற்றும் பற்சக்கரமான டிரைவரில் 8 பல் உள்ளதற்குப் பதிலாக 7 பல் உள்ளதைப் பொருத்தினால் கியர் விகிதமும் மாறிவிடும். ஆகவே செயின் பெட்டியின் பற்சக்கரங்களையும் கிளட்ச் அமைப்பையும் அதற்கேற்பத் திருத்தியாக வேண்டும். டிராக்கின் பிட்ச், அதாவது இரு லக் வரிசைகளுக்கு இடையிலுள்ள தூரம், டிரைவரோடு ஒத்துப்போகாவிட்டால் எந்த உயரமும் பயன்படாது. பயன்படுத்திய டிராக்காக இருந்தால் விற்பவர் சொல்லும் அளவை நம்பாமல், பட்டையின் மேற்பரப்பிலிருந்து நுனிவரை பல இடங்களில் அளவுகோலை வைத்துப் பார்ப்பது நல்லது, ஏனெனில் 3 அங்குலமாகப் பிறந்தது தேய்ந்து 2.5க்கு வந்திருக்கலாம்.