நாலு பலசாலிகள் சேர்ந்தால் அது குழு ஆகாது: டாக்கஸ்ட் டஞ்சனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாரியில் சித்தியின் மகன் முல்லைத்தீவில் இருந்து மாங்குளத்துக்கு வந்து எங்கள் வீட்டில் ஒரு கிழமை நின்றான். வெளியே இறங்க முடியாத மழை, என்னுடைய லப்டொப்பில் டாக்கஸ்ட் டஞ்சன் விளையாடத் தொடங்கினான். இரண்டாம் நாள் இரவே நாலு பேரையும் பறிகொடுத்துவிட்டு, "அண்ணா, என்ர ஆக்கள் எல்லாரும் பலமான ஆக்கள்தானே, பிறகேன் செத்தவை?" என்று கேட்டான். புதிதாக விளையாடுகிற முக்கால்வாசிப் பேர் கேட்கிற கேள்வி இது. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக: ரெட் ஹூக் என்ற கனடா நிறுவனம் 2016 ஜனவரியில் வெளியிட்ட கேம் இது. நாலு பேர் கொண்ட குழுவோடு நிலவறைகளுக்குள் இறங்கி, முறை வைத்துச் சண்டை பிடிக்க வேண்டும். பெரிய கிராபிக்ஸ் கார்ட் தேவையில்லை, பழைய லப்டொப்பிலும் ஓடும். செத்தவர் செத்தவர்தான், திரும்பி வரமாட்டார். கேம் தானாகவே சேவ் பண்ணிக்கொண்டு போவதால் பழைய இடத்துக்குப் போய் மறுபடி தொடங்கவும் முடியாது. கரண்ட் நின்றால் விட்ட இடத்தில் இருந்து தொடரலாம் என்பது எங்கள் பக்கத்தில் பெரிய ஆறுதல், ஆனால் செய்த பிழையும் அப்படியே நிற்கும்.

சரி, அவனுடைய குழுவைப் பார்ப்போம். எதிரிக்குக் கிட்ட இருக்கிற முதல் இடத்தில் லெப்பர் என்ற வாள்வீரர், இரண்டாவதில் குருசேடர் என்ற போர்வீரர், மூன்றாவதில் இன்னொரு லெப்பர், கடைசியில் காயம் ஆற்றுகிற வெஸ்டல். லெப்பரின் அடி கேமிலேயே பெரிய அடிகளில் ஒன்று என்பதால் இரண்டு பேரைச் சேர்த்திருக்கிறான். ஆனால் லெப்பரின் வெட்டு 1ஆம், 2ஆம் இடங்களில் நின்றால் மட்டும்தான் வேலை செய்யும், எதிரியின் முதல் இரண்டு பேரை மட்டும்தான் எட்டும். மூன்றாவதில் நின்ற லெப்பர் அந்தச் சண்டை முழுக்க வாளை வைத்துக்கொண்டு சும்மா நின்றார். அங்கே இருந்து அவரால் எதிரியை வெட்ட முடியாது.

எதிர்ப்பக்கத்தின் கடைசியில் கையில் கிண்ணத்தோடு ஓர் எலும்புக்கூடு நின்றது. போன் கோர்ட்டியர் என்று பெயர். அது அந்தக் கிண்ணத்து வைனை வீசும்போது காயம் பெரிதாக இராது, மன அழுத்தம்தான் ஏறும். முன்னுக்கு நின்ற மூன்று வீரரில் ஒருவருடைய அடியும் அதை எட்டாது. எட்டக்கூடிய ஒரே ஆள் வெஸ்டல், அவரோ காயம் ஆற்றுவதில் மும்முரம். ஆக நாலு பேர் இருந்தும் பின்வரிசைக்கு ஒரு அடிகூடப் போகவில்லை. முதல் தவறு இதுதான், இதற்குத்தான் நான் அதிகம் எழுதப்போகிறேன், ஏனென்றால் மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

கிளித்தட்டு விளையாடியவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். கோட்டில் நின்று மறிக்கிறவன் எவ்வளவு வேகமாக ஓடக்கூடியவனாக இருந்தாலும் அவனுடைய வேலை அந்தக் கோட்டில்தான், நடுக்கோட்டில் ஓடுகிற கிளிதான் மற்ற இடத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து பேரும் ஒரே கோட்டில் நின்றால் எதிராளி நடந்தே உப்பெடுத்துக்கொண்டு வந்துவிடுவான். அதுபோல ஒவ்வொரு ஆளையும் சேர்க்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: இவர் எந்த இடத்தில் நின்றால் அடிக்க முடியும், அடித்தால் எந்த இடம் வரைக்கும் போகும்? நாலு பேரின் பதிலையும் சேர்த்துப் பார்த்தால் எதிரியின் நாலு இடமும் நிரம்ப வேண்டும், அதிலும் 3ஆம், 4ஆம் இடங்களை எட்டக்கூடியவர்கள் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். கேம் தொடக்கத்திலேயே தருகிற நாலு பேரான குருசேடர், ஹைவேமன், வெஸ்டல், பிளேக் டொக்டர் இதற்கு நல்ல உதாரணம். குருசேடர் முன்னால் வெட்டுவார், ஹைவேமன் இரண்டாவதில் நின்றபடி துப்பாக்கியால் பின்வரிசையைச் சுடுவார், பிளேக் டொக்டர் பின்னால் நின்று எதிரியின் 3ஆம், 4ஆம் ஆட்கள் மேல் ஒரே வீச்சில் நஞ்சு எறிவார். இந்தக் குழு பழகுவதற்கு மட்டும்தான் என்று நினைத்து உடனே கலைத்துவிடுகிறார்கள். கலைக்காதீர்கள், நல்லாக் கொஞ்சத் தூரம் போகும்.

இன்னொன்று, நீங்கள் அடுக்கிய வரிசை அப்படியே நிற்கும் என்று நம்ப வேண்டாம். எதிரி திடீரென்று பாய்ந்தால் உங்கள் வரிசை குலைந்துபோகும். சில எதிரிகள் முன்னால் இழுக்கும், சில பின்னால் தள்ளும். அப்போது இடம் மாறுவதிலேயே ஒரு முறை, இரண்டு முறை வீணாகும். ஒவ்வொருவருக்கும் ஏழு திறன்கள் உண்டு, ஒரு நேரத்தில் நாலைத்தான் வைத்திருக்கலாம், அந்த நாலில் ஒன்று இடம் பிசகினாலும் உதவுகிறதாக இருக்கட்டும். குருசேடரின் ஹோலி லான்ஸ் 3ஆம், 4ஆம் இடங்களில் இருந்து குத்தி, அவரையும் ஓரடி முன்னுக்குக் கொண்டுவரும். ஹைவேமனுக்கும் அப்படி முன்னேறி வெட்டுகிற ஒன்று உண்டு. சண்டை இல்லாத நேரத்தில் திறன்களைக் காசில்லாமல் மாற்றலாம் என்பது பலருக்குத் தெரியாது. தம்பிக்கும் தெரிந்திருக்கவில்லை.

அடுத்தது யாரை முதலில் அடிப்பது என்பது. கிட்டக் கோடரியோடு நிற்கிறவனைப் பார்த்ததும் கை தானாகவே அவனிடம்தான் போகும். ஆனால் முன்னால் நிற்கிறவன் தருகிற காயத்தை வெஸ்டல் ஆற்றுவார், பின்னால் நிற்கிறவன் ஏற்றுகிற மன அழுத்தத்தைச் சண்டைக்குள் இறக்கக்கூடியவர்கள் மிகக் குறைவு. அது 100ஐத் தொட்டதும் அந்த ஆள் உடையலாம். நாலில் ஒரு தடவை மட்டும் உறுதி கூடி எழும்புவார், மற்றப்படி சுயநலம், பயம், வெறி என்று ஏதோ ஒன்று பிடித்துக்கொள்ளும், மருந்து வேண்டாம் என்பார், பக்கத்தில் நிற்கிறவரைத் திட்டுவார், அதில் அவருக்கும் அழுத்தம் ஏறும். 200 ஆனால் மாரடைப்பு. ஆகவே கிண்ணக்காரன் போன்றவர்கள்தான் உங்கள் முதல் இலக்கு. கொல்ல முடியாவிட்டால் மயக்கிவிடுங்கள். ஒரு முறை மயங்கி நிற்கிற எதிரி அந்த முறை உங்களுக்கு ஒன்றும் செய்யமாட்டான், அது காயம் ஆற்றுவதை விடப் பெறுமதி. பிளேக் டொக்டரின் புகைக்குண்டு பின்வரிசையில் இரண்டு பேரையும் சேர்த்து மயக்கப் பார்க்கும், முதல் முறையே பாவியுங்கள், கடைசிக்கு என்று சேமித்து வைத்து என்ன பயன்?

முன்னால் நிற்பவனைக் கொன்றால் பின்னால் நிற்பவன் முன்னுக்கு வந்துவிடுவான் என்ற கணக்கும் பிழைக்கும். செத்தவனின் சடலம் அதே இடத்தில் கிடந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அமைப்புகளுக்குள் போய் அதை நிறுத்தலாம், ஆனால் நிறுத்தாமல் பழகுவதுதான் நல்லது என்பது என் எண்ணம்.

எதிரிக்கு ஏற்ற ஆயுதம் என்பதையும் கவனிப்பதில்லை. நிலவறைகளில் ஒன்றான ரூயின்ஸில் எலும்புக்கூடுகள்தான் அதிகம். எலும்புக்கு ஏது இரத்தம்? இரத்தம் வடியச் செய்கிற திறன்கள் அவற்றிடம் அநேகமாகப் பலிக்காது, நஞ்சு நன்றாகப் பலிக்கும். இன்னொரு நிலவறையான வாரன்ஸில் பன்றிக் கூட்டம், அங்கே இது தலைகீழ். கேடயம் பிடித்த போன் டிஃபெண்டரை வாளால் வெட்டி வெட்டிக் களைத்துப்போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நஞ்சு கேடயத்தைக் கணக்கெடுக்காது, இரண்டு தடவை ஏற்றிவிட்டு அடுத்தவனைப் பார்க்கலாம்.

காயம் ஆற்றுவதில் நடக்கிற பிழை கொஞ்சம் நுணுக்கமானது. ஒருவரின் உயிர் 0 ஆனால் உடனே சாகமாட்டார், சாவின் வாசலில் நிற்பார். அதற்குப் பிறகு விழுகிற ஒவ்வொரு அடிக்கும், ஒவ்வொரு துளி நஞ்சுக்கும், சாவதற்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு வாய்ப்பு. இங்கே விஷயம் என்னவென்றால், உயிர் 1 இருந்தாலும் அடுத்த அடி அவரைத் திரும்ப வாசலுக்குத்தான் கொண்டுபோகும், கொல்லாது. அதாவது சாவின் வாசலில் நிற்கிறவருக்குக் கொடுக்கிற சிறிய மருந்தும் ஒரு முழு அடியைத் தாங்கித் தருகிறது, பாதி உயிரோடு நிற்பவருக்குக் கொடுக்கிற பெரிய மருந்து அதைத் தராது. தம்பியின் வெஸ்டல் முறைக்கு முறை கொஞ்சம் கீறல் பட்டவரையெல்லாம் ஆற்றிக்கொண்டு இருந்தார். அந்த முறைகளில் அவர் எதிரியை அடித்திருந்தால் அந்தக் காயங்களில் பல வந்தே இருக்காது.

சாமான் வாங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் தேன் எடுக்கக் காட்டுக்குப் போகிறவர்கள் தண்ணீர், கத்தி, தீப்பெட்டி என்று எல்லாவற்றையும் முதல் நாளே எடுத்து வைத்துவிட்டுத்தான் படுப்பார்கள், பாதிவழியில் கடை கிடையாது. இங்கேயும் அப்படித்தான். சின்னப் பயணத்துக்கு எட்டு உணவு, எட்டுத் தீப்பந்தம், ஒரு மண்வெட்டி என்பது நான் வைத்திருக்கிற கணக்கு. பசி வந்தால் ஆளுக்கு ஒன்றாக நாலு உணவு போய்விடும், இல்லையென்றால் உயிரும் குறையும், அழுத்தமும் ஏறும். மண்வெட்டி இல்லாமல் வழியை மறித்த கல்லைக் கையால் அள்ளினாலும் அதே கதை. பையில் 16 இடங்கள்தான், அளவுக்கு மிஞ்சி அடைத்தால் கிடைக்கிற புதையலை வைக்க இடமிருக்காது. தீப்பந்தம் ஒன்று 25 வெளிச்சம் தரும். 75க்கு மேலே வைத்திருந்தால் எதிரியை முன்கூட்டியே காணவும், நாங்கள் திடீரென்று மாட்டாமல் இருக்கவும் வாய்ப்புக் கூட. இருட்டில் புதையல் அதிகம் என்று கேள்விப்பட்டு முதல் வாரமே அணைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு, அது நன்றாகப் பழகிய பிறகு செய்கிற வேலை. தீப்பந்தத்தைக் கண்ட இடத்திலும் கொளுத்தவும் வேண்டாம். புத்தகக் குவியலுக்குத் தீ வைத்தால் ஒரே தடவையில் 100 அழுத்தம் ஏறும். ஷாம்ப்ளர் என்ற அரக்கனின் பலிபீடத்தில் வைத்தால் புதிய குழுவால் தாங்க முடியாத ஒன்று எழும்பி வரும்.

கடைசியாக, திரும்பி வருவது. அன்றிரவு தம்பியின் குழுவில் இரண்டு பேர் ஏற்கெனவே உடைந்திருந்தார்கள், உணவு முடிந்திருந்தது, இன்னும் மூன்று அறை மிச்சம். "இவ்வளவு தூரம் வந்திட்டன் அண்ணா" என்றான். பயணத்தைக் கைவிட்டால் எல்லோருக்கும் கொஞ்சம் அழுத்தம் ஏறும், அவ்வளவுதான், எடுத்த காசும் சாமானும் உங்களோடு வரும். கேமில் இருக்கிற ஊருக்கு வந்து தவறணையிலோ மடத்திலோ ஒரு கிழமை விட்டால் ஆறிவிடும். சண்டைக்குள் இருந்து ஓடுவது சிலவேளை சரிவராது, அதனால் அந்த முடிவைச் சண்டை முடிந்து வழியில் நிற்கும்போதே எடுங்கள்.

இப்படி ஆறுகிற நாளில் இறக்குவதற்கு வேறு ஆட்களும் வேண்டும். ஒரே நாலு பேரை மட்டும் வளர்த்தால் அவர்கள் களைத்த அன்று உங்களிடம் ஒருவரும் இல்லை. அந்த ஊருக்குக் குதிரைவண்டியில் வருகிற புது ஆட்களைச் சும்மா அனுப்பாமல் எட்டுப் பத்துப் பேரை மாறி மாறி இறக்குங்கள்.

தம்பி போன ஞாயிறு முல்லைத்தீவில் இருந்து கோல் எடுத்தான். ஓர் அறை மிச்சம் இருக்கும்போதே நாலு பேரையும் வெளியே கொண்டுவந்துவிட்டானாம், லெப்பர் ஒருவர்தானாம், முதல் இடத்தில். மூன்றாவதில் யாரை விடலாம் என்று கேட்டான், ஜெஸ்டரை விடு, பாட்டால் அழுத்தத்தைக் குறைப்பார் என்று சொன்னேன்.