மாஸ்டர்ஸ் செய்யப் போகும் தாதியருக்கு: முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள்

நைட் டியூட்டி முடிந்து வெளியே வரும்போது யாராவது ஒரு தங்கச்சி வாசலில் நிற்பாள். "அக்கா, மாஸ்டர்ஸ் செய்யலாம் எண்டு யோசிக்கிறன். எந்த யூனிவர்சிட்டி நல்லம்?" என்பாள். நான் பல்கலைக்கழகத்தின் பெயர் சொல்வதில்லை. "எந்த நோயாளி வீட்டுக்குப் போன பிறகும் உன்ர மனசுக்குள்ள நிக்கிறார்?" என்று கேட்பேன். அதற்குப் பதில் கிடைத்தால் துறை தெரிந்துவிடும். துறை தெரிந்தால் எந்தப் படிப்பு, எந்த நாடு என்பதெல்லாம் தேடிக் கண்டுபிடிக்கக்கூடிய விஷயங்கள்.

என் மனசுக்குள் நின்றவர் திருகோணமலையில் திருக்கடலூர்ப் பக்கத்து மீனவர் ஒருவர். பதினைந்து வருடமாகச் சீனி வருத்தம். காலில் ஆணி ஏறி மூன்று நாளாகியும் அவருக்குத் தெரியாது. மகள் தரையில் ரத்தத்தைக் கண்டுதான் கூட்டி வந்திருந்தாள். அப்போது நான் புதிதாகப் பாதப் பரிசோதனை பழகிக்கொண்டிருந்தேன். பாதத்தில் தொடு உணர்வு இருக்கிறதா என்று பார்க்க, பத்துக் கிராம் மொனோஃபிலமென்ட் என்று ஒரு நைலோன் இழை இருக்கிறது. அதைத் தோலில் நேராக வைத்து, வளையும் வரை அழுத்தி, ஓரிரு விநாடியில் எடுக்க வேண்டும். தோல் தடித்த இடத்தில் வைக்கக் கூடாது. நோயாளி கண்ணை மூடிக்கொண்டு, தெரியும்போது "ம்" என்று சொல்ல வேண்டும். முதலில் கையில் வைத்துக் காட்டியபோது, "இது எங்கட தங்கூசி மாதிரியல்லோ இருக்கு" என்று சிரித்தார். பிறகு கண்ணை மூடினார். பெருவிரல், சின்னவிரல், முன்பாதம் எல்லாம் வைத்து எடுத்தேன். ஒரு சத்தமும் இல்லை. "எப்ப பிள்ளை தொடங்கப்போறீங்க?" என்று அவர் கேட்டபோது நான் ஒரு காலை முடித்திருந்தேன்.

கடற்கரையில் வெறுங்காலோடு வேலை செய்யும் ஒருவரிடம், "செருப்புப் போடுங்கோ ஐயா" என்று சொல்லி அனுப்பினால் போதுமா? வலை இழுக்கும்போது எந்தச் செருப்பு மணலில் நிற்கும்? அந்தக் கேள்விதான் என் ஆய்வாக வளர்ந்தது.

அதனால் முதல் வேலை ஒரு கொப்பி வாங்குவது. மூன்று மாதத்துக்கு, ஒவ்வொரு டியூட்டி முடிவிலும் இரண்டு வரி எழுதுங்கள்: இன்று எது எனக்கு விளங்கவில்லை, எதை வேறு மாதிரிச் செய்திருக்கலாம். நோயாளியின் பெயர், கட்டில் இலக்கம் எதுவும் வேண்டாம். மூன்று மாதம் கழித்து வாசித்தால் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வந்திருக்கும். ஒரு தம்பி குழந்தைகள் வாட்டில் இருந்துகொண்டு ஐ.சி.யு. படிப்பு தேடினான். கொப்பி முழுக்க, குறைமாதப் பிள்ளைக்குப் பால் கொடுக்கத் தெரியாமல் அழுத தாய்மார்தான் இருந்தார்கள்.

எங்கள் மாவட்டத்தில் கேள்விகளுக்குக் குறைவில்லை. பதவி ஸ்ரீபுரப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய். யுத்தத்தையும் 2004 சுனாமியையும் கண்டு இன்னும் நித்திரை கொள்ளாத குடும்பங்கள். வெருகல், ஈச்சிலம்பற்று மாதிரி இடங்களிலிருந்து கிளினிக் வர ஒரு நாள் கூலியை இழக்கும் ஆட்கள். சிறுநீரகத் தாதியம், மனநலத் தாதியம், சமூக சுகாதாரத் தாதியம் எல்லாம் இங்கேயே வாசலில் நிற்கின்றன.

அடுத்து, அநேகம் பேர் குழம்பும் இடம். மாஸ்டர்ஸ் என்ற முதுமாணிப் பட்டம் வேறு, 'அட்வான்ஸ்ட் பிரக்டிஸ்' என்ற மேம்பட்ட தாதியப் பணி வேறு. பட்டத்தைப் பல்கலைக்கழகம் தருகிறது. பணிக்கான அதிகாரத்தை நாட்டின் சட்டமும் தாதியர் சபையும் தருகின்றன. சர்வதேசத் தாதியர் பேரவை 2020-இல் வெளியிட்ட வழிகாட்டி, இந்தப் பணிக்குக் குறைந்தது முதுமாணி வேண்டும் என்கிறது. அதில் இரண்டு பிரதான வகைகள் உண்டு. என் மீனவரை வைத்தே சொல்கிறேன். நேர்ஸ் பிரக்டிஷனர் என்றால், சட்டம் இடம் கொடுக்கும் நாட்டில், அவரைப் பரிசோதித்து, ரத்தப் பரிசோதனை எழுதி, நோயைத் தீர்மானித்து, மருந்தும் எழுதுவார். கிளினிக்கல் நேர்ஸ் ஸ்பெஷலிஸ்ட் என்றால் சிக்கலான புண்ணைப் பார்ப்பதோடு, வாட் முழுவதும் பாதப் பராமரிப்பு எப்படி நடக்க வேண்டும் என்று ஒழுங்குபடுத்துவார், மற்றத் தாதியரைப் பழக்குவார். இலங்கையில் முதுமாணி முடித்ததால் மட்டும் மருந்து எழுத முடியாது. இதைத் தெரிந்துகொண்டு படிக்கத் தொடங்கினால் பிறகு மனம் நோகாது. இரண்டாவது வகை வேலையின் பெரும்பகுதியை இங்கேயே, இப்போதே செய்யலாம். நான் செய்கிறேன்.

நேர்ஸ் பிரக்டிஷனர் என்ற வேலையும் இப்படியொரு கேள்வியில்தான் தொடங்கியது. 1965-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்ட் என்ற தாதியும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து முதல் பயிற்சியைத் தொடங்கினார்கள். ஃபோர்ட் கிராமங்களில் பொதுச் சுகாதாரத் தாதியாக வேலை செய்து, டொக்டர் கிடைக்காத பிள்ளைகளைப் பார்த்தவர்.

இனிப் படிகள். மூன்று வருட டிப்ளோமாவோடு நேராக முதுமாணிக்குப் போக முடியாது. நடுவில் தாதியியல் இளமாணி வேண்டும். வேலை செய்துகொண்டே படிக்க நினைப்பவர்களுக்குத் திறந்த பல்கலைக்கழகம் நீண்டகாலமாக வழி விட்டிருக்கிறது. நானும் அந்த வழியால் வந்தவள்தான். அதற்குப் பிறகு முதுமாணி விளம்பரம் எதைப் பார்த்தாலும், படிப்புகளை மட்டம் மட்டமாகப் பிரிக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் அது எத்தனையாம் மட்டம் என்று தேடுங்கள். 9-ஆம் மட்டம் பாடநெறி முதுமாணி, 30 கிரெடிட். 10-ஆம் மட்டம் ஆய்வும் சேர்ந்தது, 60 கிரெடிட். 11 என்றால் எம்.ஃபில்., 12 என்றால் கலாநிதி. பின்னாளில் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கவோ கலாநிதி செய்யவோ ஆசை இருந்தால் 10-ஐப் பாருங்கள். கஷ்டம் கூடத்தான், ஆனால் ஆய்வு செய்யப் பழகுவது அதில்தான்.

என்னோடு வேலை செய்த ஒருத்தி நகையை அடகு வைத்து, வெளிநாட்டுப் பெயரோடு வந்த ஒன்லைன் முதுமாணி ஒன்றுக்குக் காசு கட்டினாள். படித்து முடித்த பிறகுதான் அந்தப் பட்டம் இங்கே ஏற்கப்படாது என்று தெரிய வந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு எரிகிறது. காசு கட்ட முன், அந்தப் பல்கலைக்கழகம் அங்கீகரிக்கப்பட்டதா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் கைக்கு வரும் வரை ஒரு ரூபாயும் வேண்டாம்.

வெளிநாடு போக நினைப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு கணக்கு. அவுஸ்திரேலியாவில் நேர்ஸ் பிரக்டிஷனர் ஆக, அங்கே தாதியாகப் பதிவு, அதற்கென்று அங்கீகரித்த முதுமாணி, கடந்த ஆறு வருடத்துக்குள் மேம்பட்ட நிலையில் 5,000 மணித்தியால வேலை எல்லாம் வேண்டும். சாதாரண வாட் டியூட்டி அந்தக் கணக்கில் சேராது. பிரித்தானியாவில் சிகிச்சை, தலைமைத்துவம், கற்பித்தல், ஆய்வு என்று நான்கு தூண்கள் சொல்வார்கள். நாலிலும் நீங்கள் செய்ததைக் காட்ட வேண்டும். அமெரிக்காவில் எந்த வயதினர், எந்த வகை நோயாளிகள் என்று முதலிலேயே தெரிவு செய்ய வேண்டும்: குடும்பம், வளர்ந்தோரும் முதியோரும், சிசு, சிறுவர், பெண்கள், மனநலம். மயக்க மருந்துத் தாதியாக வர அங்கே இப்போது கலாநிதி மட்டப் படிப்பே தேவை. இந்தியாவில் எம்.எஸ்.சி. தாதியியலோடு, தீவிர சிகிச்சைக்கென்று தனியான நேர்ஸ் பிரக்டிஷனர் படிப்பும் உண்டு. ஆங்கிலப் பரீட்சைக்கு ஐ.ஈ.எல்.ரி.எஸ்.-ஐ விட, சுகாதாரத் துறையினருக்கென்றே உள்ள ஓ.ஈ.ரி. நமக்கு நெருக்கம், எழுத்துப் பகுதியில் வருவது நோயாளியைப் பற்றிய கடிதம், பேச்சுப் பகுதியில் வருவது நோயாளியோடு கதைப்பது.

விண்ணப்பத்தோடு 'ஏன் படிக்க விரும்புகிறேன்' என்று ஒரு பக்கம் கேட்பார்கள். நான் முதலில் எழுதியது இப்படி: "சிறு வயதிலிருந்தே சேவை மனப்பான்மையுடன் வளர்ந்த எனக்கு..." வாசித்துப் பார்த்த மிஸ் ஒருவர் முழுவதையும் கோடு போட்டு வெட்டிவிட்டு, "வாட்டில என்ன கண்டனீர் எண்டு எழுதும்" என்றார். இரண்டாம் முறை இப்படித் தொடங்கினேன்: "காலில் ஆணி ஏறி மூன்று நாள் தெரியாமல் நடந்த ஒருவருக்கு நான் கொடுத்த அறிவுரை, அவருடைய தொழிலுக்குப் பொருந்தாதது." நேர்முகத்தில் அவர்கள் கேட்ட முதல் கேள்வியே அதைப் பற்றித்தான். நீங்களும் முதல் வரியில் ஒரு நோயாளியையும், அவரிடம் உங்களுக்கு விளங்காமல் போனதையும் எழுதுங்கள்.

ஆய்வு தொடங்கும்போது நான் விட்ட பிழையைச் சொல்கிறேன். ஆர்வத்தில், நெறிமுறைக் குழுவின் அனுமதி வர முன்னமே நாலு பேரிடம் பேட்டி எடுத்துவிட்டேன். நாலையும் அழிக்க வேண்டி வந்தது. அதில் ஒரு அம்மா மூதூரிலிருந்து கிளினிக் வந்து, மத்தியானம் வரை எனக்காகக் காத்திருந்து கதைத்தவர். முதலில் நெறிமுறை அனுமதி, பிறகு வைத்தியசாலைப் பணிப்பாளரின் கடிதம், அதற்குப் பிறகுதான் நோயாளி.

கேள்விக்கொத்தை மொழிபெயர்ப்பதில் நிறைய நேரம் செலவழியுங்கள். "பாதங்களில் உணர்விழப்பு ஏற்பட்டுள்ளதா?" என்று முதலில் எழுதியிருந்தேன். கிண்ணியா, மூதூர், நிலாவெளி என்று எங்கிருந்து வந்தவர்களும் "இல்லை" என்றார்கள். "கால் விறைக்குதா? செருப்புக் கழன்றது தெரியாமல் நடந்திருக்கிறீங்களா?" என்று மாற்றினேன். பாதிப் பேர் ஆம் என்றார்கள். ஆங்கிலத்திலிருந்து ஒருவர் தமிழாக்க, அதைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப ஆங்கிலமாக்க, இரண்டையும் ஒப்பிட்டு, ஒரு சிலரிடம் கேட்டுப் பார்த்துத் திருத்துங்கள். எங்கள் கிளினிக்குக்குச் சிங்களத்திலும் இதே வேலை வேண்டும்.

வாசிப்புக்குக் காசில்லை என்று நிற்க வேண்டாம். பப்மெட் சென்ட்ரல் என்ற இணையத்தளத்தில் முழு ஆய்வுக் கட்டுரைகள் இலவசம். கிழமைக்கு ஒன்று போதும். சுருக்கத்தைத் தமிழில் ஐந்து வரியாக அந்தக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுங்கள். தமிழில் சொல்ல வராவிட்டால் இன்னும் விளங்கவில்லை என்று அர்த்தம், திரும்ப வாசியுங்கள்.

டியூட்டி, லீவு பற்றி. வகுப்பு நாட்கள் கைக்கு வந்த அன்றே ஒரு பிரதியை வாட் சிஸ்டரிடமும் மேற்றனிடமும் கொடுங்கள். ரோஸ்டர் போட்ட பிறகு கேட்டால் உங்களுக்குப் பதிலாக இன்னொருத்தியின் ஞாயிற்றுக்கிழமை போகும். நான் வகுப்புக்கு இரவு ரயிலில் கொழும்புக்குப் போய் வருவேன். போகும்போது நித்திரை, வரும்போது வாசிப்பு என்று பிரித்துக்கொண்டேன். வீட்டில் ஒருவராவது இதைத் தன் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு மாமி எடுத்துக்கொண்டார். ரோஸ்டர், பயிற்சிச் சான்றிதழ், நீங்கள் நடத்திய வாட் வகுப்புகளின் கையொப்பப் பட்டியல் எல்லாவற்றையும் இன்றிலிருந்து போட்டோகொப்பி எடுத்து ஒரு ஃபைலில் போடுங்கள். அனுபவத்துக்குச் சான்று கேட்கும்போது பழைய ரோஸ்டரைத் தேடி ரெக்கோட் றூமில் நிற்கக் கூடாது.

என்னிடம் வர விரும்புகிறவர்கள் வாருங்கள், டியூட்டி முடிந்து அரை மணித்தியாலம் இருக்கலாம். வரும்போது சான்றிதழ் ஃபைல் வேண்டாம். மூன்று மாதம் எழுதிய கொப்பியைக் கொண்டு வாருங்கள்.