ராஸ்பெரி பையில் ஸ்டெப்பர் மோட்டார் ஓட்டுவது: டிரைவர் போர்டை இணைக்கும் முறை

ராஸ்பெரி பையின் ஜிபிஐஓ பின்னிலிருந்து (சிக்னல் அனுப்பவும் வாங்கவும் உள்ள பின்) ஸ்டெப்பர் மோட்டாருக்கு (ஒவ்வொரு பல்ஸுக்கும் ஒரு சிறு படியாகச் சுற்றும் மோட்டார்) நேராக ஒயர் இழுக்க முடியாது. ஒரு பின் தாங்குவது 16 மில்லிஆம்ப் அளவுதான், சாதாரண நீமா 17 அளவு மோட்டாரோ ஒரு காயிலுக்கே (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) ஒன்று, ஒன்றரை ஆம்ப் கேட்கும். அதனால் நடுவில் ஒரு டிரைவர் போர்டு வேண்டும். இங்கே எடுத்துக்கொள்வது 3டி பிரின்டர்களில் சகஜமாகப் பார்க்கிற ஏ4988. விலை குறைவு, எளிதில் கிடைக்கும், புகைந்து போனாலும் மனசு ரொம்ப நோகாது.

முதலில் மோட்டார். நான்கு ஒயரில் எந்த இரண்டு ஒரே காயிலைச் சேர்ந்தவை என்று தெரிய வேண்டும். நிறத்தை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் (இரண்டு நுனிகள் இணைந்திருக்கின்றனவா என்று காட்டும் நிலை) வைத்துப் பார்க்கலாம். மீட்டர் கையில் இல்லையா, ஏதாவது இரண்டு நுனிகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஷாஃப்டை விரலால் திருப்புங்கள். ஒரே காயிலாக இருந்தால் சட்டென்று இறுகி, திக்கித் திக்கித்தான் சுற்றும், இல்லாவிட்டால் முன்போலவே லேசாக ஓடும். ஒரு ஜோடி 1ஏ, 1பி-க்கு, மற்றது 2ஏ, 2பி-க்கு. ஒரு ஜோடியின் இரண்டு ஒயரும் இடம் மாறிவிட்டால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும், அவ்வளவுதான். ஜோடியையே கலந்துவிட்டால் நின்ற இடத்திலேயே கிடந்து நடுங்கும்.

பை பக்கம் எல்லாவற்றையும் ஒரே மூலையில் முடித்துவிடலாம். ஹெடரில் (பையின் பின் வரிசை) 17-வது பின் 3.3 வோல்ட், அது டிரைவரின் விடிடி-க்கு (சிப்பின் லாஜிக் பகுதிக்கான பவர் பின்). 16 (ஜிபிஐஓ 23) ஸ்டெப்புக்கு, 18 (ஜிபிஐஓ 24) டைரக்‌ஷனுக்கு, 22 (ஜிபிஐஓ 25) எனேபிளுக்கு, 20 கிரவுண்டுக்கு. அர்டுயினோவுக்கு எழுதிய வழிகாட்டிகளைப் பார்த்து விடிடி-க்கு 5 வோல்ட் கொடுப்பவர்கள் நிறைய பேர், அது இங்கே சரிப்படாது. தனக்குக் கொடுத்த விடிடி-யில் 70 சதவீதத்தைத் தாண்டினால்தான் ஏ4988 உள்ளே வரும் சிக்னலை 'ஹை' என்று உறுதியாக எடுத்துக்கொள்ளும். 5 வோல்ட்டுக்கு அது 3.5, பை தருவதோ 3.3. பெரும்பாலும் ஓடும், ஆனால் நடுநடுவே ஸ்டெப்பைத் தவறவிடும், காரணம் தேடித் தேடியே பொழுது போய்விடும்.

ரீசெட், ஸ்லீப் இரண்டு பின்னையும் ஒன்றோடொன்று சேர்த்துவிடுங்கள். ஸ்டெப்பின் அளவைத் தீர்மானிக்கும் எம்எஸ்1, 2, 3 மூன்றையும் சும்மா விட்டால் ஃபுல் ஸ்டெப், மூன்றுக்கும் 3.3 கொடுத்தால் ஸ்டெப்பில் பதினாறில் ஒரு பங்கு. எனேபிள் 'லோ'வில் வேலை செய்யும் பின். பை பூட் ஆகும்போது ஜிபிஐஓ 25 லோவில்தான் இருக்கும், அதாவது உங்கள் புரோகிராம் தொடங்கும் முன்பே மோட்டார் இறுகிச் சூடாக ஆரம்பிக்கும். எனேபிளிலிருந்து 3.3-க்கு ஒரு 10கே ரெசிஸ்டர் போட்டால் தீர்ந்தது.

மோட்டார் சப்ளை 8 முதல் 35 வோல்ட் வரை போகலாம், 12 போதும். விமாட் (மோட்டார் சப்ளை நுழையும் பின்), கிரவுண்ட் பின்களை ஒட்டினாற்போல 100 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் கெபாசிட்டர் ஒன்றைக் கட்டாயம் போடுங்கள், ஏனென்றால் சப்ளையைச் செருகும் கணத்தில் நீளமான ஒயரும் போர்டிலுள்ள குட்டி கெபாசிட்டர்களும் சேர்ந்து, 12 வோல்ட்டிலிருந்தே கூட 35-ஐத் தாண்டும் ஒரு துள்ளலைக் கிளப்பிவிடும். சப்ளையின் மைனஸ், டிரைவர் கிரவுண்ட், பை கிரவுண்ட் மூன்றும் ஒன்றாகச் சேர வேண்டும். பவர் இருக்கும்போது மோட்டார் ஒயரைக் கழற்றவே கூடாது, டிரைவர் போய்விடும்.

அப்புறம் கரன்ட் லிமிட். போர்டில் ஒரு சின்ன திருகு இருக்கும், மீட்டரின் கறுப்பு முனையை கிரவுண்டிலும் சிவப்பை அந்தத் திருகின் உலோகத்திலும் வைத்தால் வருவதுதான் விரெஃப், கரன்ட் வரம்பைத் தீர்மானிக்கும் வோல்ட்டேஜ். கணக்கு இது: வேண்டிய ஆம்ப் × 8 × சென்ஸ் ரெசிஸ்டர் (கரன்டை அளக்க போர்டில் உள்ள ரெசிஸ்டர்). சிப்புக்குப் பக்கத்தில் ஆர்100 என்று எழுதியிருந்தால் 0.1 ஓம், ஒரு ஆம்புக்கு 0.8 வோல்ட். ஆர்068 என்றால் சுமார் 0.54. ஹீட்சிங்க் இல்லாமல் ஒரு ஆம்புக்கு மேல் போகாதீர்கள்.

புரோகிராம் எளிது: எனேபிளை லோவாக்கு, டைரக்‌ஷனை வை, ஸ்டெப்பை ஹை, லோ என்று மாற்றிக்கொண்டே இரு. பை 5-ல் பின்களை இயக்கும் லைப்ரரிகளில் பழைய ஆர்பிஐ.ஜிபிஐஓ-வும் பிக்பியோவும் ஓடாது, ஜிபிஐஓ ஜீரோ ஓடும். சிக்கல் வேகத்தில். ஃபுல் ஸ்டெப்பில் ஒரு சுற்றுக்கு 200 பல்ஸ், பதினாறில் ஒன்றில் 3200; வினாடிக்கு ஒரு சுற்று என்றாலே 312 மைக்ரோவினாடிக்கு ஒரு பல்ஸ் போக வேண்டும். லினக்ஸ் நடுவில் வேறு வேலைக்குப் போய்விடும், பைத்தானின் ஸ்லீப் அந்தத் துல்லியத்தைத் தராது, மோட்டார் கரகரக்கும். பை 4 வரை பிக்பியோவின் வேவ் வசதி டிஎம்ஏ (பிராசஸரை எதிர்பார்க்காமல் தரவை நகர்த்தும் ஹார்டுவேர்) வழியாகப் பல்ஸ் அனுப்புவதால் நன்றாகவே சமாளிக்கும். என்னைக் கேட்டால் ஒரு பைக்கோவை (ராஸ்பெரியின் சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு) நடுவில் வைத்துவிடுவதே நிம்மதி. 3டி பிரின்டர் மென்பொருளான கிளிப்பரும் அப்படித்தான், கணக்கு பையில், பல்ஸ் மைக்ரோகன்ட்ரோலரில். எதில் அனுப்பினாலும் மெதுவாகத் தொடங்கி ஏற்றுங்கள், எடுத்த எடுப்பில் முழு வேகம் கேட்டால் மோட்டார் வெறுமனே முனகும்.

பெரிய மோட்டாருக்கு டிபி6600 டிரைவர் வாங்கினால் அதன் உள்ளே ஆப்டோகப்ளர் (சிக்னலை ஒளியாகக் கடத்தும் பாகம்) இருக்கும், பெரும்பாலும் 5 வோல்ட்டை எதிர்பார்க்கும். அங்கே பைக்கும் டிரைவருக்கும் நடுவில் 5 வோல்ட்டில் ஓடும் ஒரு 74எச்சிடி245 (சிக்னலின் வோல்ட்டை ஏற்றித் தரும் பஃபர் சிப்) போடுங்கள், அது 2 வோல்ட்டையே ஹை என்று ஏற்கும். கடையில் 'டி' இல்லாத 74எச்சி-யை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அதற்கும் 3.5 வேண்டும்.