கழக வீட்டில் வேப்பிலைத் தண்ணீர்

சிங்கப்பூரில் கழக வீட்டில், அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடியில் இருப்பவர்கள், வேப்பிலை வேண்டுமென்று புளோக்குக்குக் கீழே நிற்கும் மரத்தில் கை வைக்காதீர்கள். பொது இடத்து மரத்தை ஒடித்தால் அபராதம் வரும். கொசு மருந்து என்றைக்கு அடித்தார்களோ, அதுவும் நமக்குத் தெரியாது. லிட்டில் இந்தியாவில், தேக்கா பூக்கடைகளில் கேளுங்கள், கட்டாகவே தருவார்கள். ஆடி மாதமென்றால் காலையிலேயே போய்விடுவது நல்லது.

கட்டைப் பிரித்ததும் ஓர் இலையை எடுத்துப் பாருங்கள். ஓரம் ரம்பப் பல்லாக இருக்க வேண்டும். நடுநரம்பு நட்டநடுவே ஓடாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். ஈர்க்கு மறுபடி கிளைவிட்டு அதில் இலை இருந்தால் அது மலைவேம்பு, வேண்டாம்.

இங்குள்ள புழுக்கத்துக்கு வேர்க்குரு வராத வீடே கிடையாது. இரண்டு கைப்பிடி இலையை நன்றாக அலசி, பெரிய பானைத் தண்ணீரில் போட்டு, தண்ணீர் பச்சை கட்டும்வரை கொதிக்கவிட்டு மூடிவையுங்கள். ஆறி வெதுவெதுப்பானதும் வடிகட்டுங்கள். சோம்பல்பட்டு இலையோடு ஊற்றினால் குளியலறைத் தரைத்துளை அடைத்துக்கொள்ளும், அப்புறம் பிளம்பருக்குத் தண்டம் அழ வேண்டியதுதான். முதலில் முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் தடவிப் பாருங்கள். எரிச்சல் இல்லையென்றால் சோப்புக் குளியல் முடிந்து கடைசியாக ஊற்றிக்கொள்ளலாம்.

அம்மை போட்டால் என் அம்மாச்சி பொருக்கு காய்ந்த பிறகுதான் இந்தத் தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார். அதுவரை அரித்தால் நகம் படாமல் வேப்பிலைக் கொத்தால் மெல்ல வருடிவிடுவார். அது அரிப்புக்கு இதம், அவ்வளவுதான்; அம்மையைக் குணமாக்காது. 2020 நவம்பரிலிருந்து சின்னம்மைத் தடுப்பூசி தேசியக் குழந்தைத் தடுப்பூசி அட்டவணையிலேயே இருக்கிறது, போட்டுவிடுங்கள். பெரியவர்களுக்கு அம்மை வந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

வேப்பம்பூவை நெய்யில் கறுக்க வறுத்து, அடுப்பை அணைத்தபின் ரசத்தில் போட்டால் வாய்க்கசப்பு போய்ப் பசி எடுக்கும். மிச்சப் பூவை பிரிட்ஜில் வையுங்கள், வெளியே வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். கர்ப்பிணிகளுக்கு மட்டும் வேண்டாம்.

வேப்பெண்ணெயைப் பிள்ளைக்குச் சங்கில் புகட்டச் சொல்வார்கள். யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அப்படிக் குடித்த கைக்குழந்தைகளுக்கு வாந்தி, அரைமயக்கம், வலிப்பு வந்ததைப் பற்றி 1981இலேயே மலேசிய மருத்துவர்கள் லான்செட் மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். அந்த பாட்டில் விளக்குக்கும் செடிப்பூச்சிக்கும் இருக்கட்டும், பிள்ளைக்குக் கை எட்டாத தட்டில்.